மறைந்த நகரமும் மறைத்த நகரமும்: எர்ஜேயின் ‘சூரியனின் கைதிகள்’ – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

படக்கதை என்னும் இலக்கிய வகை தமிழ் ஆய்வுலகில் இன்னும் உரிய கவனத்தைப் பெறவில்லை. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஆகியவற்றின் வழியாக ஐரோப்பியப் படக்கதைகள் பல தமிழ் வாசகருக்கு அறிமுகமாயின. வங்க மொழியில் ‘ஆனந்தமேளா’ இதழ் வழியாக, கவிஞர் நீரேந்திரநாத் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில், டின்டின் கதைகள் வீடுதோறும் சென்று சேர்ந்தன. ஆயினும் இவை சிறுவர்க்கு உரியவை என்னும் கருத்தே நிலைபெற்றுவிட்டமையால், அவற்றின் கதைப்பின்னலும் கருத்துநிலையும் திறனாய்வு நோக்கில் மிகுதியாக அணுகப்படவில்லை. சிறுவர் வாசிக்கும் நூலே பிற நாட்டு மக்களைக் குறித்த முதல் எண்ணத்தை மனத்தில் பதிக்கிறது. இவ்வகை நூல்களை மீண்டும் எடுத்து வாசிப்பதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

பெல்ஜியப் படக்கதை ஆசிரியர் எர்ஜே (ஜார்ஜ் ரெமி, 1907–1983) படைத்த ‘சூரியன் கோயில்’ என்னும் கதை இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும். ஆங்கிலத்தில் இது ‘சூரியனின் கைதிகள்’ என்னும் பெயரைப் பெற்றது. பெரு நாட்டுக் காட்டினுள் எவரும் அறியாத இன்கா நகரம் ஒன்று இன்றும் உயிருடன் இருக்கிறது என்பதே இதன் கரு. ‘தொலைந்த நகரம்’ என்று பொதுவாக வழங்கப்படும் கதைமரபில் இந்நூல் எங்கு நிற்கிறது, அம்மரபிலிருந்து எங்கு விலகுகிறது, எங்கு அதற்கே திரும்புகிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வாய்வுக்குத் தமிழ் இலக்கணமே ஒரு கருவியைத் தருகிறது. ‘மறைந்த’ என்பது தன்வினை. ‘மறைத்த’ என்பது பிறவினை. ‘மறைந்த நகரம்’ என்னும்போது மறைதல் தானே நிகழ்ந்ததாகிறது. அங்கு வினைமுதலாக மனிதர் எவரும் தேவைப்படுவதில்லை. ‘மறைத்த நகரம்’ என்னும்போது மறைத்தவர் யார், யாரிடமிருந்து மறைத்தார், எதன் பொருட்டு மறைத்தார் என்னும் வினாக்கள் எழுகின்றன. தொலைந்த நகரக் கதைகள் பெரும்பாலும் தன்வினையிலேயே பேசுகின்றன. எர்ஜேயின் கதையோ பிறவினையை நோக்கி நகர்கிறது. ஆனால் அந்நகர்வை அது முற்றுப்பெறச் செய்யவில்லை.

நூலும் அதன் காலமும்

இக்கதை இரு தொகுதிகளாக அமைந்தது. முதற்பகுதியான ‘ஏழு பளிங்குக் கோளங்கள்’ ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த பிரஸ்ஸல்ஸ் நகரில், ‘லெ சுவார்’ நாளிதழில் 1943 டிசம்பர் 16 முதல் வெளிவந்தது. 1944 செப்டம்பரில் நகரம் விடுதலை பெற்றதும் தொடர் இடையில் நின்றது. ஆக்கிரமிப்பாளரின் கட்டுப்பாட்டில் இயங்கிய இதழில் பணியாற்றியமைக்காக எர்ஜே கைது செய்யப்பட்டார். இதழ்ப்பணியும் அவருக்கு மறுக்கப்பட்டது. எதிர்ப்பியக்கத்தில் பங்கேற்ற ரேமோன் லெப்லாங் என்பவரின் முயற்சியால் ‘டின்டின்’ வார இதழ் 1946 செப்டம்பர் 26 அன்று தொடங்கியபோது, நின்றுபோன கதை அதன் முதல் இதழிலேயே தொடரப்பட்டு 1948 ஏப்ரல் 22 வரை வெளிவந்தது. நூல்வடிவில் முதற்பகுதி 1948இலும் இரண்டாம் பகுதி 1949இலும் வந்தன. 62 பக்க அளவுக்குள் அடக்குவதற்காக இதழில் வந்த காட்சிகள் சில நூலில் நீக்கப்பட்டன.

எர்ஜே பெரு நாட்டுக்குச் சென்றவரல்லர். சார்ல் வீனர் 1880இல் வெளியிட்ட பெரு–பொலிவியா பயண நூலும், 1938 பிப்ரவரி ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழில் வந்த இன்கா பற்றிய கட்டுரையும் அதன் வண்ண ஓவியங்களும் அவருக்குச் சான்றுகளாக அமைந்தன. பின்னணிக் காட்சிகளை வரைவதில் எட்கர் ஜேக்கப்ஸ் துணைநின்றார். எனவே ஆடை, அணிகலன், கட்டடம் ஆகியவை உழைப்புடன் திரட்டப்பட்டவை. ஆனால் அவ்வுழைப்பு பயணிகளும் இதழாளரும் முன்பே வரைந்து வைத்த காட்சிகளின் எல்லைக்குள் நிற்பது என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

தலைப்பின் மாற்றமும் கருதத்தக்கது. பிரெஞ்சு மூலத் தலைப்பு ஓர் இடத்தைச் சுட்டுகிறது. ஆங்கிலத் தலைப்போ அவ்விடத்தில் அகப்பட்டவர்களைச் சுட்டுகிறது. நகரத்திலிருந்து வந்தேறியவர்களுக்குக் கதையின் மையம் இடம்பெயர்ந்துவிட்டது. நகரம் யாருடையது என்னும் வினாவே இந்நூலின் உள்ளார்ந்த சிக்கல் என்பதால் இம்மாற்றம் பொருளுடையதாகிறது.

தொலைந்த நகரக் கதைமரபு

இக்கதைமரபின் தோற்றுவாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உள்ளது. ரைடர் ஹாகார்டின் ‘சாலமோன் அரசரின் சுரங்கங்கள்’ (1885) அதற்கு வடிவம் தந்தது. எட்கர் ரைஸ் பரோஸ் 1913இல் இதழ்த்தொடராக எழுதிய இரண்டாம் டார்சான் புதினத்தில் ‘ஓபார்’ என்னும் நகரம் தோன்றியது. ஓபாரில் சூரிய வழிபாடு உண்டு, பலிபீடம் உண்டு, அளவற்ற பொன் உண்டு. டார்சான் நாளிதழ்ப் படக்கதை 1929 சனவரி 7 அன்று ஹால் ஃபாஸ்டரின் ஓவியங்களுடன் தொடங்கியது. மூன்று நாள் கழித்து, சனவரி 10 அன்று, டின்டினின் முதற்கதை பிரஸ்ஸல்ஸ் நகரில் வெளிவரத் தொடங்கியது. இருவேறு கண்டங்களில் ஒரே வாரத்தில் பிறந்த இவ்விரு படக்கதைகளும் காட்டினுள் மறைந்த நகரத்தைத் தத்தம் போக்கில் தேடிச் சென்றன.

இம்மரபில் மூன்று கூறுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. நகரத்தைக் கட்டியவர்கள் அம்மண்ணின் மக்கள் அல்லர் என்பது முதற்கூறு. ஓபார், கடலில் மூழ்கிய அட்லாண்டிஸின் குடியேற்றமாகச் சொல்லப்படுகிறது. ஃபாஸ்டரின் டார்சான் ஆப்பிரிக்கக் காட்டினுள் பண்டைய எகிப்தியரைக் காண்கிறான். இது கதையளவில் நின்ற கற்பனையன்று. தென்னாப்பிரிக்கப் பகுதியின் மாபெரும் சிம்பாப்வே கற்கட்டடங்களைப் பினீசியர் கட்டியிருக்க வேண்டும் என்று குடியேற்ற ஆட்சியினர் நெடுங்காலம் வாதிட்டனர். 1905இல் ராண்டல்-மக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் நிகழ்த்திய அகழாய்வுகள் அவை ஆப்பிரிக்கர் கட்டியவையே என நிறுவின. வெளியிலிருந்து வருபவன் கண்ட பின்னரே நகரம் ‘கண்டறியப்பட்டது’ ஆகும் என்பது இரண்டாம் கூறு. இறுதியில் நகரம் அழியும், அல்லது அதன் பொன் வெளியேறும் என்பது மூன்றாம் கூறு.

எர்ஜேயின் கதையில் முதற்கூறு இல்லை. சூரியன் கோயிலில் வாழ்பவர் இன்காவினரே. அவர்களுக்கும் வெளியே தொடர்வண்டியிலும் சந்தையிலும் காணப்படும் மலைவாழ் மக்களுக்கும் இடையே இனத் தொடர்ச்சி உண்டு. மூன்றாம் கூறும் பெரிதும் மாற்றப்பட்டுள்ளது, நகரம் அழியவில்லை. இரண்டாம் கூறில்தான் நூலின் போராட்டம் நிகழ்கிறது.

‘தெரியாது’ என்னும் விடை

டின்டினும் கேப்டன் ஹேடாக்கும் கடத்தப்பட்ட பேராசிரியர் கால்குலஸைத் தேடிப் பெரு நாட்டுக்கு வருகின்றனர். பேராசிரியர் செய்த பிழை, ராஸ்கார் கபாக் என்னும் இன்கா மன்னனின் பதப்படுத்தப்பட்ட உடலுக்குரிய கைவளையைத் தான் அணிந்துகொண்டமை. அவரை அழைத்துச் சென்றவர்களைப் பற்றி விசாரிக்கும்போது மலையூர் மக்கள் அனைவரும் தரும் விடை ஒன்றே: தெரியாது. முதல் வாசிப்பில் இது அறியாமையாகவோ அச்சமாகவோ தோன்றும். கதை முழுவதையும் அறிந்தபின் மீண்டும் வாசிக்கும்போது அது ஒரு மக்கள் கூட்டம் முழுமையும் கட்டிக்காக்கும் மௌனம் என்பது புலனாகிறது. நகரத்தை மறைப்பது காடு அன்று; அச்சொல்தான்.

அம்மௌனத்தை உடைப்பவன் ஆரஞ்சுப் பழம் விற்கும் சிறுவன் ஜோரினோ. தன்னைத் துன்புறுத்திய முரடர் இருவரிடமிருந்து டின்டின் காத்தமையால் அவன் வழிகாட்ட முன்வருகிறான். அதே செயலைக் கண்ட ஹுவாஸ்கார் என்னும் இன்கா, தேடலைக் கைவிடுமாறு டின்டினை எச்சரித்து, அவன் மறுக்கவே காப்பாக ஒரு பதக்கத்தை அளிக்கிறார். டின்டின் அதை ஜோரினோவுக்குக் கொடுத்துவிடுகிறான். பின்னர் கோயிலில் சிறுவனின் உயிரை அப்பதக்கமே காக்கிறது. பனிமலை, காடு, ஆறு எனத் தொடரும் பயணத்தில் கழுகும் பாம்பும் முதலையும் இடர் விளைவிக்கின்றன. இப்பகுதி சாகசக் கதையின் வழக்கமான பாதையே. இதில் நெடிது நிற்க வேண்டியதில்லை. ஆயின் நகரின் வாயில் திறக்கும் முறை கருதத்தக்கது. கயிறு அறுந்து அருவியில் விழுந்த டின்டின், நீர்த்திரைக்குப் பின்னால் குகை ஒன்றைக் காண்கிறான். அங்கிருந்து கல்லறை வழியாகக் கோயிலுக்குள் அவர்கள் நுழைகின்றனர். வாயிலைக் கண்டது அறிவின் வெற்றியாகக் காட்டப்படவில்லை, விபத்தாகவே காட்டப்படுகிறது. நுழைந்தவர்கள் வரவேற்கப்படுவதுமில்லை, அத்துமீறியவர்களாகவே பிடிபடுகின்றனர்.

வரலாற்றோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. ஸ்பானியர் குஸ்கோவைக் கைப்பற்றிய பின், மாங்கோ இன்கா 1537இல் கிழக்குச் சரிவின் காட்டுப் பகுதிக்குப் பின்வாங்கி வில்கபம்பாவில் தனி அரசை நிறுவினார். 1572இல் அவ்வரசு வீழ்ந்து, அதன் இறுதி மன்னன் தூபாக் அமாரு குஸ்கோவில் கொல்லப்படும் வரை 35 ஆண்டுகள் அது நீடித்தது. காட்டினுள் மறைத்து வைக்கப்பட்ட இன்கா நகரம் என்பது வெறுங்கற்பனை அன்று. ஆதிக்கத்தை எதிர்கொண்ட மக்களின் அரசியல் செயல்.

அமெரிக்கரான ஹிராம் பிங்கம் அந்த வில்கபம்பாவைத் தேடியே 1911 ஜூலை 24 அன்று மச்சு பிச்சுவை அடைந்தார். உள்ளூர் வேளாளர் ஒருவர் அவரை மலைமீது இட்டுச்சென்றார். இடிபாடுகளுக்கிடையே உழவர் குடும்பங்கள் பயிர் செய்து வாழ்ந்துகொண்டிருந்தன. அக்குடும்பங்களைச் சேர்ந்த ஒரு சிறுவன்தான் இறுதிவரை வழிகாட்டினான். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1902இல், குஸ்கோ பகுதியைச் சேர்ந்த அகுஸ்தின் லிசாராகா அங்குச் சென்று தம் பெயரைச் சுவரில் எழுதியிருந்தார். ஆயினும் பிங்கம் 1948இல் வெளியிட்ட நூலுக்கு ‘இன்காக்களின் தொலைந்த நகரம்’ என்றே பெயரிட்டார். எர்ஜேயின் தொடர் முடிவுற்ற ஆண்டும் அதுவே. வழிகாட்டும் சிறுவன் இரு கதைகளிலும் உள்ளான். ஒன்றில் அவனுக்குப் பெயரும் முடிவெடுக்கும் உரிமையும் உண்டு. மற்றொன்றில் அவன் கண்டுபிடிப்பாளரின் நிழலில் மறைந்துவிடுகிறான். இந்தியச் சூழலில், 1819இல் ஆங்கிலேய அதிகாரி ஜான் ஸ்மித் அஜந்தாவைக் ‘கண்டுபிடித்தார்’ என்று பாடநூல்களில் நாம் படித்ததும் இவ்வகைப்பட்டதே.

கிரகணமும் அறிவின் உரிமையும்

இதுகாறும் பிறவினையில் இயங்கிய நூல், அதன் உச்சக்காட்சியில் தன்வினைக்குத் திரும்பிவிடுகிறது. மரண தண்டனை பெற்ற டின்டினுக்கும் ஹேடாக்குக்கும் தாம் இறக்கும் நாளையும் நேரத்தையும் தேர்ந்துகொள்ளும் சலுகை தரப்படுகிறது. கேப்டனிடமிருந்த செய்தித்தாள் துண்டில் வரவிருக்கும் சூரிய கிரகணம் பற்றிய செய்தியை டின்டின் காண்கிறான். அந்நேரத்தையே அவன் தேர்ந்தெடுக்கிறான். விறகடுக்கின்மேல் நின்று சூரியனை நோக்கி அவன் ஆணையிட, வானம் இருள்கிறது, இன்காவினர் நடுங்குகின்றனர்.

இவ்வுத்தி பழமையானது. 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காவில் கொலம்பஸ் வானியல் அட்டவணையின் துணையால் சந்திர கிரகணத்தை முன்னறிந்து, அதைக் காட்டி அச்சுறுத்தி மக்களிடமிருந்து உணவு பெற்றார். ஹாகார்ட் தம் 1885ஆம் ஆண்டுப் புதினத்தில் இதனைப் பயன்படுத்தினார். முதற்பதிப்பில் சூரிய கிரகணமாக இருந்தது பின்னர்ச் சந்திர கிரகணமாக மாற்றப்பட்டது. மார்க் ட்வைன் 1889இல் ஆர்தர் மன்னனின் அவையில் இதனை நிகழ்த்திக் காட்டினார். எர்ஜே இவ்வரிசையில் இறுதியாக வந்து நிற்கிறார்.

சூரியனையே தெய்வமாகப் போற்றி, அதன் போக்கை நாள்தோறும் நோக்கிய மக்கள் கிரகணத்தை அறியாதிருப்பரா என்பது பலரும் எழுப்பிய வினா. இங்குச் சற்றுக் கவனம் தேவை. கிரகணங்களைக் கணிக்கும் அட்டவணை மாயா மக்களின் டிரெஸ்டன் சுவடியில் உள்ளது. இன்காக்களிடமிருந்து அத்தகைய அட்டவணை நமக்குக் கிடைக்கவில்லை. குஸ்கோவின் அடிவானத்தில் கல்தூண்கள் நாட்டிக் கதிரவனின் திருப்பங்களை அவர்கள் அளந்தமையைப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. இன்கா இளவரசிக்கும் ஸ்பானியப் படைத்தலைவருக்கும் பிறந்த கார்சிலாசோ தே லா வேகா, 1609இல் வெளியிட்ட தம் வரலாற்றில், கிரகணத்தைச் சூரியனின் சினமாக மக்கள் கருதினர் என்று எழுதுகிறார். ஆகவே அவர்கள் அஞ்சினர் என்பதை மட்டும் வைத்து எர்ஜேயைக் குறைகூறுதல் பொருந்தாது. புனித நெருப்பைக் கதிரொளியைக் குவித்து மூட்டும் வழக்கமும் கார்சிலாசோவின் நூலில் உள்ளதே. ஆனால் மனிதரை விறகடுக்கில் ஏற்றி எரித்தல் இன்கா பலிமுறையாக அகழாய்வில் அறியப்பட்டதன்று; மலைமுடிகளில் குழந்தைகளைப் பலியிட்ட ‘கபகோச்சா’ சடங்கின் சான்றுகளே கிடைத்துள்ளன. விறகடுக்கு ஐரோப்பிய நினைவிலிருந்து வந்தது.

எனவே உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. கிரகணத்திற்கு அஞ்சுதல் வேறு. கிரகணத்தை ஓர் அயல்நாட்டான் ஏவினான் என நம்புதல் வேறு. முன்னதற்குச் சான்று உண்டு; பின்னது கதைமரபின் வசதி. இந்நூலில் நகரத்தைப் பல நூற்றாண்டுகள் காத்த மதிநுட்பமும், ஐரோப்பாவில் இருக்கும் எழுவரைத் தொலைவிலிருந்தே துன்புறுத்தும் ஆற்றலும் இன்காவினருக்கு அளிக்கப்பட்டுள்ளன. அத்தகையோர் ஒரு செய்தித்தாள் துண்டின் முன் தோற்கின்றனர். மறைத்தல் என்னும் செயலின் வினைமுதல்களாக இருந்தவர்கள், அறிதல் என்னும் செயலில் அந்நிலையை இழந்துவிடுகின்றனர்.

குவாத்தமாலா எழுத்தாளர் அகுஸ்தோ மோன்தெர்ரோசோ 1959ஆம் ஆண்டுத் தொகுப்பில் சேர்த்த ‘கிரகணம்’ என்னும் மிகச்சிறிய கதை இதற்கு நேரெதிரானது. காட்டில் வழிதவறிய ஸ்பானியத் துறவி ஒருவர், தம்மைக் கொன்றால் சூரியனை இருளச் செய்வேன் என்று மாயா மக்களை அச்சுறுத்துகிறார். சற்று நேரத்தில் அவர் பலியிடப்படுகிறார். தம் வானியலாளர் முன்பே கணித்து எழுதிவைத்த கிரகண நாள்களை ஒருவன் நிதானமாக ஓதிக்கொண்டிருக்கிறான். எர்ஜேயின் கதையை மறுத்தெழுதும் நோக்கம் மோன்தெர்ரோசோவுக்கு இருந்தது எனக் கொள்ள இடமில்லை. கொலம்பஸ் முதல் தொடரும் நெடுங்கதையையே அவர் மறுக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது எர்ஜேயின் உச்சக்காட்சி எதனை விலையாகக் கொடுத்து வெற்றி பெறுகிறது என்பது விளங்கும்.

வாக்குறுதியும் அதன் முரணும்

நூலின் இறுதிப்பகுதி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ‘ஏழு பளிங்குக் கோளங்கள்’ நூலின் தொடக்கத்திலேயே தொடர்வண்டியில் உடன்வரும் பயணி ஒருவர், பிறநாட்டார் வந்து நம் மன்னர்களின் கல்லறைகளைத் திறந்தால் நாம் என்ன சொல்வோம் என்று கேட்கிறார். அவ்வினாவுக்கு விடை இரண்டாம் நூலின் இறுதியில்தான் வருகிறது. ஆய்வாளர்கள் கல்லறைகளைக் கொள்ளையிட்டவர்கள் என்பது இன்காவின் வாதம். அவர்கள் உங்கள் நாகரிகத்தின் பெருமையை உலகறியச் செய்ய விரும்பியவர்கள் என்பது டின்டினின் விடை. இன்கா அவ்விடையை ஏற்று எழுவரையும் விடுவிக்கிறார். இது மிக விரைவில் முடிந்துவிடும் உரையாடல். உலகறிய வேண்டும் என்று அந்நாகரிகத்தின் உரிமையாளர் கேட்டாரா என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை.

ஆனால் அதன்பின் டின்டினும் ஹேடாக்கும் இக்கோயிலைப் பற்றி எவரிடமும் கூறுவதில்லை என்று உறுதிமொழி தருகின்றனர். டின்டின் செய்தியாளன், செய்தியை வெளியிடாமலிருக்க அவன் வாக்களிப்பது கதைமரபின் இரண்டாம் கூறினை முறிக்கிறது. ஜோரினோ நகரிலேயே தங்கிவிட முடிவு செய்கிறான். பிரியும்போது பொன்னும் மணியும் பரிசாகத் தரப்படுகின்றன. அவை கவர்ந்தவை அல்ல, கொடுக்கப்பட்டவை. கால்குலஸோ நடந்தவை அனைத்தும் திரைப்படப் பிடிப்பு என்றே இறுதிவரை நம்பியிருக்கிறார். நகைச்சுவையாகத் தோன்றும் இக்கூறு ஆழ்ந்த பொருளுடையது. நகரத்தைக் கண்ட ஒரே அறிவியலாளர் அதனைக் கண்டதாகவே அறியவில்லை. ஆகவே அறிவியலுக்கு அந்நகரம் இன்றும் மறைத்தே வைக்கப்பட்டுள்ளது.

இதில் ஒரு முரண் உண்டு. பாத்திரங்கள் காக்கும் மறையை நூல் உடைத்துவிடுகிறது. இலட்சக்கணக்கான வாசகர் அருவியின் பின்னுள்ள குகையை அறிவர். ஆயினும் அவர்கள் அறிந்தது வழியை அன்று. இடப்பெயர்களைப் புனைந்தும் பாதையைக் குழப்பியும் எர்ஜே நகரை வரைபடத்திற்கு வெளியே நிறுத்துகிறார். கதையைத் தந்து இடத்தை மறுப்பது அவர் கண்ட தீர்வு.

முடிவுரை

இந்நூல் தொலைந்த நகரக் கதைமரபின் மூன்று கூறுகளுள் ஒன்றை நீக்கி, மற்றொன்றை மாற்றி, எஞ்சியதோடு போராடுகிறது. நகரத்தை அதன் மக்களுக்கே உரியதாகக் காட்டியது இதன் சிறப்பு. அம்மக்களின் அறிவை அயலானின் தந்திரத்துக்குக் கீழ்ப்படுத்தியது இதன் குறை. இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதே நேர்மையான மறுவாசிப்பாகும். குறையைக் காட்டி நூலை ஒதுக்குவதும், சிறப்பைக் காட்டிக் குறையை மறப்பதும் எளிய வழிகள்.

இச்சிக்கல் பழங்கதையன்று. மச்சு பிச்சுவிலிருந்து பிங்கம் கொண்டுசென்ற தொல்பொருள்களைத் திரும்பத் தர யேல் பல்கலைக்கழகம் 2010இல்தான் உடன்பட்டது; 2011, 2012ஆம் ஆண்டுகளில் அவை பெரு நாட்டுக்குத் திரும்பின. ஈக்வடாரின் உபானோ பள்ளத்தாக்கில் லேசர் அளவீட்டால் அறியப்பட்ட பழைய குடியிருப்புகள் பற்றிய ஆய்வு 2024 சனவரியில் வெளியானபோது, செய்தித்தலைப்புகள் மீண்டும் ‘தொலைந்த நகரம்’ என்றே எழுதின. வானிலிருந்து நோக்கும் கருவி காட்டை ஊடுருவும்போது, அருவியின் திரையும் ‘தெரியாது’ என்னும் விடையும் காப்பாக நிற்பதில்லை. அந்நிலையில் வாக்குறுதி ஒன்றே எஞ்சுகிறது.

தமிழில் இத்தகைய செய்திகளையும் கதைகளையும் மொழிபெயர்ப்போர் ‘தொலைந்த’, ‘மறைந்த’, ‘கண்டுபிடித்த’ என்னும் சொற்களைக் கையாளும்போது வினைமுதல் யார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன்வினையும் பிறவினையும் தெளிவாக வேறுபடும் நம் மொழியில் அவ்வேறுபாட்டைக் காட்டுவதற்கு ஓரெழுத்தே போதும். படக்கதை மொழிபெயர்ப்புகளில் இச்சொல்லாட்சியைத் தொகுத்து ஆராய்வது இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க நல்லதொரு பணியாகும்.